லைன் வீட்டுப் பிள்ளைகளின் அயல்நாடு

அயல்நாட்டில் பிள்ளையைப் பாலர் பள்ளியில் சேர்த்த அனுபவத்தைப் பற்றித் தமிழில் நிறையவே எழுதப்படுகிறது. அவற்றை நான் விரும்பி வாசிப்பவன். எழுதுபவர் ஜெர்மனியில் இருந்தாலும் சிங்கப்பூரில் இருந்தாலும் பதைப்பு ஒன்றுதான். பிள்ளைக்கு அந்த ஊர் மொழி தெரியாதே, தாகம் எடுத்தால் எப்படிக் கேட்பான், உச்சா வந்தால் யாரிடம் சொல்வான்? நியாயமான பதைப்பு. ஆனால் அதை நாம் பாஸ்போர்ட்டோடு சேர்த்துக் கட்டி வைத்திருக்கிறோம். மொழி தெரியாத ஊரில் திகைத்து நிற்கும் மூன்று வயதுப் பிள்ளையைப் பார்க்க விமானம் ஏற வேண்டியதில்லை. தாம்பரத்தில் பஸ் ஏறி ஒரகடத்தில் இறங்கினால் போதும்.

ஒரகடம் வட்டாரத்தில் 'வெளிநாட்டுக்காரர்கள்' என்றால் கொரியர்களும் ஜப்பானியர்களும்தான் நினைவுக்கு வருவார்கள். ஹூண்டாய் தன் இந்திய நிறுவனத்தைத் தொடங்கியது 1996இல். இருங்காட்டுக்கோட்டையில் இருந்து சான்ட்ரோ வெளிவந்தது 1998இல். ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை 2010இலும், டைம்லர் லாரி ஆலை 2012இலும் திறக்கப்பட்டன. கூடவே அதிகாரிகள் வந்தார்கள், அவர்களின் குடும்பங்கள் வந்தன. சுங்குவார்சத்திரம் வரைக்கும் கொரிய எழுத்தில் போர்டுகள் வந்தன. அந்தப் பிள்ளைகளில் பலரும் சென்னையில் வசித்து சர்வதேசப் பள்ளிகளில் படிக்கிறார்கள். கட்டணத்தைக் கம்பெனி கொடுப்பது இத்தகைய வேலைகளில் வழக்கம். தாய்மொழி மறந்துவிடாமலிருக்க வார இறுதி வகுப்புகளும் உண்டு.

இதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. மேலாளரைக் கடல் தாண்டி அனுப்பும் கம்பெனி, அவருக்குக் குடும்பம் உண்டு, அந்தக் குடும்பத்தில் ஒரு பொடியன் இருப்பான், அவனுக்கு ஒரு பள்ளி வேண்டும் என்பதையெல்லாம் முதலிலேயே ஒப்புக்கொள்கிறது. அது நாகரிகம். அந்த நாகரிகம் ஏன் மேலாளரோடு நின்றுபோகிறது என்பதுதான் என் கேள்வி.

அதே ஆலைக்கு அஸ்திவாரம் தோண்டியவர் ஒடிசாவில் இருந்து வந்திருப்பார். கூரைக்கு ஷீட் போட்டவர் ஜார்க்கண்ட். இன்று லோடு இறக்குபவர் பீகார். பெர்ஹாம்பூரில் இருந்து சென்னை வரவே ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ரயிலில் வர வேண்டும். வந்து குடியேறுவது மாத்தூர், வல்லம், படப்பை பக்கத்து லைன் வீடுகளில். வரிசையாகப் பத்துப் பதினைந்து அறைகள், மேலே ஷீட், கோடியில் பொதுக் கழிப்பறை. அங்கே பேசப்படுவது ஒடியா, போஜ்புரி, சந்தாலி. அந்த அறையில் வளரும் பிள்ளைக்கு வாசலைத் தாண்டினால் அயல்நாடு.

இதைச் சொன்னால் உடனே ஒரு பதில் வரும்: "அட, அவங்க எல்லாம் பேச்சிலர் பசங்கதானே சார்? குடும்பம் எங்க வருது?" பெரும்பாலோர் தனியாக வந்த இளைஞர்கள் என்பது உண்மை. ஆனால் கட்டட வேலைக்குக் கணவனும் மனைவியுமாக வருகிறார்கள். வருடக்கணக்கில் இங்கேயே தங்கிவிட்டவர்கள் மனைவியைக் கூட்டி வருகிறார்கள். இன்னொன்றையும் யோசியுங்கள். பிள்ளையை விட ஓர் இடம் இல்லை என்பதாலேயே எத்தனை பிள்ளைகள் ஊரில் பாட்டியிடம் விடப்பட்டிருக்கிறார்கள்? குடும்பத்தோடு வாழ முடியாத நிலையை உண்டாக்கிவிட்டு, 'குடும்பமே வருவதில்லையே' என்று சொல்வது நல்ல தர்க்கம்!

வந்த பிள்ளைகளுக்கு என்ன நடக்கிறது? அம்மா வேலைக்குப் போனால் பிள்ளையும் கம்பி, ஜல்லி, தண்ணீர்த் தொட்டிக்கு நடுவே வளர்கிறது. அல்லது எட்டு வயது அக்கா பார்த்துக்கொள்கிறாள். அப்போது இரண்டு பிள்ளைகளின் பள்ளி போகிறது.

சட்டம் இல்லாமலில்லை. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்றது. 1996ஆம் ஆண்டின் கட்டடத் தொழிலாளர் சட்டம் ஐம்பது பெண்கள் என்றது. தலைகளை எண்ணும்போது பெண்களை மட்டும் எண்ணினார்கள். அப்பாவுக்கும் பிள்ளை இருக்கும் என்பது அந்தச் சட்டங்களுக்குத் தோன்றவில்லை. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் தொகுப்புகள் ஆண், பெண் பாராமல் ஐம்பது பேர் என்று எண்ணுகின்றன. முன்னேற்றம்தான். ஆனால் ஆட்கள் நாலைந்து காண்ட்ராக்டர்களின் பெயரில் பிரிந்து கிடக்கும் இடத்தில் யாருடைய ஐம்பது? கேட்டுக்குள் காப்பகம் வந்தாலும், விடியற்காலை ஷிஃப்ட் வண்டியில் நின்றுகொண்டு வருபவர் தூங்கும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டா வருவார்? காப்பகம் இருக்க வேண்டியது லைன் வீட்டுப் பக்கத்தில்.

அதற்கான ஏற்பாட்டை நாம் எப்போதோ கண்டுபிடித்துவிட்டோம். அதன் பெயர் அங்கன்வாடி. மகாராஷ்டிரத்தின் போர்டி கிராமத்தில் 1945இல் வேலையைத் தொடங்கிய தாராபாய் மோடக், ஏழைப் பிள்ளைகள் பாலர் பள்ளிக்கு வராததைக் கண்டு, பாலர் பள்ளியை அவர்கள் குடியிருப்பின் முற்றத்துக்கே கொண்டுபோனார். 'ஆங்கன்' என்றால் முற்றம். பிள்ளை பள்ளிக்கு வராவிட்டால் பள்ளி பிள்ளையிடம் போக வேண்டும் என்பது அந்தப் பெயரிலேயே இருக்கிறது. 1975இல் ஒன்றிய அரசின் திட்டம் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டது. 2006 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி போனது: ஒரு குடியிருப்பில் ஆறு வயதுக்கு உட்பட்ட நாற்பது பிள்ளைகள் இருந்து, அங்கன்வாடி இல்லாவிட்டால், மக்கள் கேட்ட மூன்று மாதத்துக்குள் அமைத்துத் தர வேண்டும்.

மக்கள் கேட்டால்! இங்கே யார் கேட்பது? வாக்கு இங்கே இல்லை, மொழி தெரியாது, அடுத்த வருடம் இதே லைன் வீட்டில் இருப்போமா என்பதும் தெரியாது. கேட்க முடியாதவர்களிடம் 'கேட்டால் தருவோம்' என்பது கொடுக்காமலிருப்பதற்கான மரியாதையான வழி. கல்வி உரிமைச் சட்டமும் ஆறு வயதில்தான் தொடங்குகிறது. அதற்குக் கீழே உள்ள பிள்ளைக்கு அரசமைப்பின் 45ஆம் பிரிவு சொல்வது, அரசு 'முயலும்' என்பதை மட்டும். டைம்லரின் தாயகமான ஜெர்மனியில் ஒரு வயது நிறைந்த பிள்ளைக்குக் காப்பக இடம் 2013 முதல் சட்ட உரிமை. அங்கே முறையாக வசிக்கும் நம் ஐடி நண்பர்களின் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான்.

இனி மொழிக்கு வருவோம். அங்கன்வாடியில் ஒடியாவும் இந்தியும் பேசினால் அது இந்தித் திணிப்புக்குக் கொல்லைப்புற வழி என்று நினைப்பவர்கள் உண்டு. இந்தித் திணிப்பை நானும் எதிர்க்கிறேன். எதிர்ப்பதன் காரணம் என்ன? ஒரு பிள்ளையின் மீது அதன் வீட்டு மொழி அல்லாத ஒன்றை அதிகாரத்தால் ஏற்றக் கூடாது என்பதுதானே? அந்தக் காரணம் நம் பிள்ளைக்கு மட்டும் என்றால் அது கொள்கை இல்லை, சௌகரியம். சிங்கப்பூர்க் கல்வி அமைச்சின் பாலர் பள்ளிகள் 2014இல் தொடங்கியபோது தமிழும் அதில் ஒரு தாய்மொழியாக இருந்தது நமக்குப் பெருமை. பெருமைப்படும் உரிமை வேண்டுமென்றால் ஒரகடத்தில் சந்தாலி பேசும் பிள்ளைக்கு நாம் ஒரு பதில் வைத்திருக்க வேண்டும்.

தமிழ் வேண்டாம் என்று சொல்லவில்லை. இந்த ஊரில் வளரும் பிள்ளைக்குத் தமிழ் வேண்டும், கட்டாயம் வேண்டும். ஆனால் தண்ணீர் கேட்கக்கூட வார்த்தையில்லாத பிள்ளைக்கு முதல் நாளே 'அம்மா இங்கே வா வா' கற்பிக்க முடியாது. அதன் மொழி தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தால் ஆறு மாதத்தில் அது தமிழில் சண்டை போடும். கேரளத்தில் எர்ணாகுளம் மாவட்ட நிர்வாகம் 2017இல் தொடங்கிய 'ரோஷ்ணி' திட்டம் இதைத்தான் செய்தது. இந்தியும் வங்காளமும் ஒடியாவும் தெரிந்தவர்களை அரசுப் பள்ளியில் வைத்து, அவற்றின் வழியாக மலையாளம் கற்பித்தது. அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். திருவள்ளூர் செங்கல் சூளைகளில் ஒடியா ஆசிரியர்களோடு பணியிடப் பள்ளிகள் நடந்திருக்கின்றன. சூளையில் முடிந்தது சிப்காட்டில் முடியாதா?

'மாண்டிசோரி' என்று பெயர் வைத்த மழலையர் பள்ளிகள் இப்போது கேட்டட் கம்யூனிட்டிகளை ஒட்டி முளைக்கின்றன. மரியா மாண்டிசோரி தன் முதல் பள்ளியை 1907இல் திறந்தது ரோமின் சான் லோரென்சோவில், ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில். பெற்றோர் வேலைக்குப் போனபின் தனியே சுற்றித் திரிந்த பிள்ளைகளுக்காக. அவர் 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து தங்கினார். அந்தப் பெயர் நம்மிடம் தங்கிவிட்டது, அது எந்தப் பிள்ளைகளுக்காகப் பிறந்தது என்பதை மட்டும் வாசலிலேயே விட்டுவிட்டோம்.

நான் கேட்பது பெரிதில்லை. லைன் வீடுகள் நெருங்கிக் கிடக்கும் இடங்களில் அங்கன்வாடி, ஷிஃப்ட் முடியும்வரை திறந்திருக்கும்படி. அந்தப் பெண்களிலிருந்தே சம்பளத்துக்கு ஓர் உதவியாளர். செலவில் ஒரு பங்கு, காண்ட்ராக்டரைக் காட்டித் தப்பிக்க முடியாதபடி, ஆலை முதலாளியிடமிருந்து. வல்லம் வடகாலில் 706 கோடி ரூபாயில் 18,720 தொழிலாளிப் பெண்களுக்கு விடுதி கட்டி 2024இல் திறந்த மாநிலம் இது. 1982இலேயே அங்கன்வாடிப் பிள்ளைக்குச் சத்துணவு போட்ட மாநிலம். முடியாது என்று இந்த மாநிலம் சொன்னால் நான் நம்ப மாட்டேன். நமக்கு வேண்டியது தொழிலாளி மட்டும்தான், தொழிலாளியின் பிள்ளை இல்லை என்று சொன்னால் நம்புவேன். அப்படியென்றால் அதை அடுத்த முதலீட்டாளர் மாநாட்டில் மைக் பிடித்துச் சொல்லிவிடலாம்.