நட்டவர் யார்? நீர் ஊற்றியவர் யார்?

இலந்தை மரத்தைப் பற்றிய நபிமொழி ஒன்று அபூதாவூது நூலில் இடம்பெற்றுள்ளது. இலந்தையை வெட்டியவன் நரகில் தலைகுப்புற வீழ்த்தப்படுவான் என்னும் கருத்துடைய கடுமையான எச்சரிக்கை அது. ஒரு முள்மரத்தை வெட்டியதற்கா இத்தனை பெரிய தண்டனை என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா? அந்நூலைத் தொகுத்த இமாம் அவர்களிடமே இதன் பொருள் வினவப்பட்டது. வெட்டவெளியில் வழிப்போக்கரும் கால்நடைகளும் நிழலுக்கு ஒதுங்கும் மரத்தை, உரிமையின்றி, வீணாக, அநீதியாக வெட்டுகிறவனைக் குறித்தே அந்த எச்சரிக்கை என்று அவர்கள் விளக்கினார்கள். அப்படியானால் குற்றம் மரத்துக்கு மட்டும் இழைக்கப்பட்டதன்று. அதன் கீழ் நின்றிருக்க வேண்டிய மனிதனுக்கும் மாட்டுக்கும் இழைக்கப்பட்டது.

இந்தக் கருத்தை மனத்தில் வைத்துக்கொண்டு, கத்திரி வெயிலில் நம் சென்னை மாநகரில் சற்று நடந்து பாருங்கள். மயிலையில் லஸ் முனையை அடுத்த நாகேஸ்வரராவ் பூங்காவை ஒட்டி நடக்கும்போது உடல் உணரும் குளிர்ச்சி, சிறிது தூரம் சென்றதும் மறைந்துவிடுகிறது. தியாகராய நகரின் பாண்டி பஜாரில் 2019 நவம்பரில் அகன்ற நடைபாதை வளாகம் ஒன்று திறந்துவைக்கப்பட்டது. வாகனத்தில் செல்பவனுக்கு முன்பாக நடந்து செல்பவனை நினைத்த அந்தத் திட்டம் பாராட்டுக்குரியதே. ஆனால் உச்சிப்பொழுதில் அங்கே நடக்க முடிகிறது என்றால், அது புதிதாகப் பதித்த கல்லினாலா, பழைய மரங்களினாலா? போய்ப் பார்த்தவர்கள் சொல்லட்டும்.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். இன்று தியாகராய நகர் நிற்கும் நிலத்தின் பெரும்பகுதி நூறாண்டுகளுக்கு முன் மாம்பலம் ஏரி. 1920களில் அதைத் தூர்த்து மனைகளாக்கித் தெருக்களை வகுத்தார்கள். நடுவே ஒரு பூங்காவையும் அமைத்து, சென்னை மாகாணத்தின் முதலமைச்சராயிருந்த பனகல் அரசரின் பெயரை அதற்குச் சூட்டினார்கள். மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ ரோடு' என்னும் பெயர் இன்னும் இருக்கிறது; பார்ப்பதற்கு ஏரிதான் இல்லை! ஏரியை எடுத்துக்கொண்டவர்கள் ஈடாகக் கொடுத்தது ஒரு பூங்கா. அந்தப் பூங்காவிலும் ஒரு பகுதி மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டப் பணிக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது. ரயில் வேண்டாம் என்று கூறவில்லை. எடுத்ததற்கு ஈடு என்ன என்று கேட்கும் உரிமை குடிமக்களுக்கு உண்டு என்பதையே கூறுகிறேன்.

2016 டிசம்பர் 12ஆம் நாளைச் சென்னைவாசிகள் எளிதில் மறக்க மாட்டார்கள். அது ரபீஉல் அவ்வல் மாதம். அன்று கரை கடந்த 'வர்தா' புயல், மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் வீசி, ஒரே பகலில் ஆயிரக்கணக்கான மரங்களை வேரோடு சாய்த்தது. விழுந்தவற்றுள் அழகுக்காக அயல்நாடுகளிலிருந்து கொண்டுவந்து நட்ட மயிற்கொன்றை, பெருங்கொன்றை, தூங்குமூஞ்சி முதலியவை ஏராளம். விரைந்து வளர்ந்து, பூத்துக் குலுங்கி, கண்ணைக் கவரும் மரங்கள் அவை. காற்றை எதிர்த்து நிற்கும் வேரும் உறுதியான கிளையும் அவற்றுக்குப் போதவில்லை. வேம்பு, புங்கன், பூவரசு, புன்னை போன்ற நம் மண்ணின் மரங்கள் ஒப்புநோக்கத் தாக்குப்பிடித்தன என்று அப்போது பலரும் கூறினார்கள். உண்மைதான். ஆயினும் பழியை முழுவதும் அயல்மரத்தின் தலையில் சுமத்திவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. வேர் அறுபட்ட இடத்தில் வேம்பும் விழுந்தது.

வேரை அறுத்தவர் யார்? கேபிள் பதிக்க ஒரு முறை, கழிவுநீர்க் குழாய்க்கு ஒரு முறை, மழைநீர் வடிகாலுக்கு மற்றொரு முறை என்று சாலையோரம் தோண்டப்படுகிறது. ஒவ்வொரு முறையும் மரம் ஒரு பக்கத்து வேரை இழக்கிறது. பின்னர் அடிமரத்தின் கழுத்துவரை சிமெண்டைப் பூசி மூடிவிடுகிறோம். மழைநீர் உள்ளே இறங்குவதில்லை. வேருக்குக் காற்றும் இல்லை. மேலே பச்சைப் பசேலென்று தோன்றினாலும் கீழே அந்த மரம் ஊன்றுகோல் இல்லாத முதியவரைப் போன்றது. டில்லி நகரத்து மரங்கள் தொடர்பான வழக்கில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013ஆம் ஆண்டிலேயே, மரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் அளவுக்குச் சிமெண்டை அகற்ற வேண்டும் என்று ஆணையிட்டது. ஒரே ஒரு மீட்டர்! நம் வீட்டு வாயிலில் நிற்கும் மரத்துக்கு அந்த ஒரு மீட்டரை நாம் விட்டுவைத்திருக்கிறோமா?

மரம் நடும் விழாக்களைப் பற்றியும் மனம் திறந்து பேசத்தான் வேண்டும். பந்தல் போடுகிறார்கள், பதாகை கட்டுகிறார்கள், பத்துப் பேர் சேர்ந்து ஒரு கன்றைப் பிடித்துக்கொண்டு படம் எடுத்துக்கொள்கிறார்கள். பத்துப் பேர் பிடித்த அந்தக் கன்றுக்கு மறுநாள் நீர் ஊற்ற ஒருவரும் இல்லை. முதல் இரண்டு மூன்று கோடைகளைத் தாண்டும்வரை ஒரு கன்று கைக்குழந்தைதான். முஸ்லிம் ஒருவர் நட்ட மரத்திலிருந்தோ விதைத்த பயிரிலிருந்தோ மனிதனோ பறவையோ விலங்கோ உண்டால் அது அவருக்குத் தருமமாக எழுதப்படும் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நற்செய்தி கூறியிருப்பதை நாம் மேடைதோறும் கேட்கிறோம். உண்பதற்கு அம்மரம் உயிரோடிருக்க வேண்டுமே! காய்ந்துபோன குச்சியிலிருந்து எந்தப் பறவை எதை உண்ணும்?

பொறுமையோடு செய்தால் என்ன நடக்கும் என்பதற்கும் சென்னையிலேயே சான்று உண்டு. கோட்டூர்புரத்தில் அடையாற்றங்கரையை ஒட்டிப் பொதுப்பணித் துறைக்குச் சொந்தமான நிலம் ஒன்று குப்பைமேடாகக் கிடந்தது. 2006ஆம் ஆண்டு முதல் 'நிழல்' என்னும் அமைப்பினரும் அக்கம்பக்கத்தாரும் அதைத் துப்புரவு செய்து, நம் நாட்டு மரங்களை நட்டு வளர்த்தார்கள். விடுமுறை நாட்களில் வந்து மண்ணைக் கிளறி, நீர் ஊற்றி, பாத்தி கட்டினார்கள். அது இன்று ஒரு மரப் பூங்கா. அடையாறு கடலோடு கலக்கும் கழிமுகத்தில் கட்டட இடிபாடுகள் கொட்டப்பட்டுக் கிடந்த 58 ஏக்கர் நிலமும் அவ்வாறே மீட்கப்பட்டது. 2011 ஜனவரியில் தொல்காப்பியப் பூங்கா என்னும் பெயரோடு திறக்கப்பட்டது. அங்கே இடிபாடுகளை அகற்றி, உப்புநீர் வந்துபோக வழிசெய்து, அந்த மண்ணுக்கு உரிய செடிகளைத் தேடி நட்டார்கள். பறவைகள் அழைப்பிதழ் இல்லாமலே வந்து சேர்ந்தன.

இங்கே ஓர் உறுத்தலை மறைக்க விரும்பவில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்திற்குப் பின் அடையாறு, கூவம் ஆகியவற்றின் கரைகளைச் சீர்படுத்தும் பணியின் பெயரால், கரையோரக் குடிசைகளில் வாழ்ந்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பெரும்பாக்கம் போன்ற தொலைதூர அடுக்குமாடிகளுக்கு அனுப்பப்பட்டன. வெள்ள அபாயம் மெய்யானதே. ஆற்றைக் காக்க வேண்டும் என்பதும் சரியே. ஆனால் வீட்டு வேலைக்கும் கூலி வேலைக்கும் நகரத்தின் நடுவே வந்தாக வேண்டிய அந்தத் தாய்மார்களுக்கு வழி நெடுக என்ன நிழலைக் கொடுத்தோம்? குளிர்சாதன அறையில் இருப்பவனுக்கு மரம் ஒரு காட்சி. தள்ளுவண்டிக்காரனுக்கும் பூக்காரிக்கும் பேருந்துக்காக நிற்கும் கர்ப்பிணிக்கும் அது உயிர்ப் பிரச்சினை. ஏழையை அப்புறப்படுத்திவிட்டு அமைக்கும் பசுமையை, மக்கள் நிழலைக் காக்கச் சொன்ன மார்க்கத்தைச் சேர்ந்தவர்கள் கேள்வி கேளாமல் ஏற்றுக்கொள்வது எப்படி? மக்கள் அமரும் நிழலில் மலசலம் கழிப்பதைச் சாபத்துக்குரிய செயல் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள் என்றால், நிழல் யாருடைய சொத்து என்பது விளங்கவில்லையா?

பிறரைச் சொல்லிவிட்டு நம்மை விட்டுவிடலாகாது. நான் அறிந்த பள்ளிவாசல் ஒன்றின் முற்றத்தில் பெரியதொரு வேம்பு இருந்தது. சிறு பிள்ளைகள் குர்ஆன் ஓதிவிட்டு அதன் கீழ்தான் விளையாடுவார்கள். லுஹர் தொழுகைக்கு முன்பாகவே வந்துவிடும் பெரியவர்கள் அங்கே சாய்ந்திருப்பார்கள். இலைச் சருகு விழுந்து முற்றம் அசுத்தமாகிறது, வண்டி நிறுத்த இடமில்லை என்று இரண்டு காரணங்களைச் சொல்லி ஒரு நாள் அதை வெட்டிவிட்டார்கள். முற்றம் முழுவதும் பளபளக்கும் ஓடு பதிக்கப்பட்டது. இப்போது வெள்ளிக்கிழமைகளில் வெளியே தொழுவோருக்கு நெற்றி சுடுகிறது. ஆதலால் தகரக் கொட்டகை போட நன்கொடை திரட்டுகிறார்கள். வேம்பு நன்கொடை கேட்கவில்லை.

மதீனாவில் அன்ஸாரித் தோழர் அபூதல்ஹா (ரலி) அவர்களுக்கு 'பைருஹா' என்றொரு தோட்டம் இருந்தது. பள்ளிவாசலுக்கு எதிரிலேயே இருந்த அத்தோட்டத்தினுள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் செல்வதும் அங்கிருந்த இனிய நீரைப் பருகுவதும் வழக்கம். நேசிக்கும் பொருளிலிருந்து செலவிடாதவரை நன்மையை அடைய முடியாது என்னும் கருத்துடைய இறைவசனம் அருளப்பட்டதும், தமக்கு மிகவும் பிரியமான அத்தோட்டத்தையே அவர் இறைவழியில் கொடுத்துவிட்டார். பள்ளிவாசலும் மரநிழலும் நீரும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. நம் காலத்தில் அவற்றை ஏன் பிரித்துவிட்டோம்?

சேர்ப்பதற்குப் பெரும்பொருள் தேவையில்லை. ஐவேளையும் நாம் ஒளு செய்யும் நீர் எங்கே போகிறது? நேராகச் சாக்கடைக்கு. சோப்பும் எண்ணெயும் கலவாத அந்த நீர் மரங்களுக்கு முற்றிலும் ஏற்றது. ஹவுளிலிருந்தும் குழாய் வரிசையிலிருந்தும் ஒரு சிறு வாய்க்கால் வெட்டி மரத்தடிக்குத் திருப்பிவிட்டால், கோடையிலும் ஒரு நாளைக்கு ஐந்து முறை கன்றுகளுக்கு நீர் கிடைக்கும். அண்ணலார் (ஸல்) அவர்கள் ஒரு லிட்டருக்கும் குறைவான நீரில் ஒளுவை முடித்துக்கொள்வார்கள் என்பதையும் இங்கே நினைவூட்ட வேண்டியிருக்கிறது. குழாயைத் திறந்துவிட்டுக் கதை பேசும் நம்முடைய ஒளுவால் ஒரு தோப்பையே வளர்க்கலாம்!

மையவாடிகளில் இடம் இருக்கிறது. மதரஸா வளாகங்களில் இடம் இருக்கிறது. சாந்தோம் முதல் பெசன்ட் நகர் வரையுள்ள கடலோரத்துக்குப் புன்னையும் பூவரசும் பொருந்தும். உப்புக்காற்று அவற்றுக்குப் பழக்கமானது. மின்கம்பி செல்லும் குறுந்தெருவில் உயர்ந்து வளரும் மரத்தை நட்டுவிட்டுப் பிறகு ஆண்டுதோறும் தலையை வெட்டுவது அறியாமை. இடத்தைப் பார்த்து மரத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஜமாஅத்தின் வரவு செலவுக் கணக்கில் விளக்குக்கும் விசிறிக்கும் ஒதுக்குவதைப் போல, மரத்துக்கு நீர் ஊற்றும் பிள்ளைக்கு ஒரு சிறு மாதச் சம்பளத்தை ஒதுக்க எந்த முத்தவல்லி மறுப்பார்? தமிழக அரசு 2022 செப்டம்பரில் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கம், மாநிலத்தின் காடு மற்றும் மரப் பரப்பை 33 விழுக்காடாக உயர்த்துவதை இலக்காகக் கொண்டது. அந்தக் கணக்கில் நம் பள்ளிவாசல்களின் பங்கு எவ்வளவு என்று நாளை நம் பிள்ளைகள் கேட்கக்கூடும்.

இன்று ஜும்ஆத் தொழுகை முடிந்து வெளியே வரும்போது, செருப்பைத் தேடும் அவசரத்துக்கு நடுவே, வாயிலோரம் நிற்கும் மரத்தின் அடியைச் சற்றுக் குனிந்து பாருங்கள். சிமெண்ட் எதுவரை வந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு, அதை முத்தவல்லியிடம் சொல்லிவிட்டு வீட்டுக்குச் செல்லுங்கள்.