விடை வந்துடுச்சு, நம்பலாமா?

பாலக்கோடு தக்காளிக்குப் பேர் போன ஊர். அங்க மண்டியில ரெண்டு பேர் காய் வாங்குறாங்கன்னு வச்சுக்கோங்க. முதல் ஆள் 20 கிலோ தக்காளியும் 10 கிலோ கத்திரிக்காயும் வாங்கி 700 ரூபாய் கொடுக்கிறார். அடுத்தவர் 40 கிலோ தக்காளி, 20 கிலோ கத்திரிக்காய்க்கு 1,400 ரூபாய் கொடுக்கிறார். தக்காளி கிலோ என்ன விலை?

சொல்ல முடியாது. ரெண்டாவது பில் முதல் பில்லோட ரெண்டு மடங்கு, அவ்வளவுதான். புதுசா எந்தத் தகவலும் இல்லை. சரி, ரெண்டாவது பில் 1,500 ரூபாய்னா? தீர்வே கிடையாது. ரெண்டு பேருக்கும் ஒரே விலைன்னு நாம நினைச்சது தப்புன்னு கணக்கே சொல்லிடுது.

இதைத்தான் பள்ளிக்கூடத்துல மனப்பாடம் பண்ணினோம். ரெண்டு மாறிகளோட கெழு விகிதங்களும் வேற வேறன்னா ஒரே ஒரு தீர்வு. மாறிலி விகிதத்தோட சேர்ந்து மூணும் சமம்னா எண்ணற்ற தீர்வுகள். மாறிலி விகிதம் மட்டும் மாறினா தீர்வு இல்லை. பரீட்சைக்கு இது போதும். இன்ஜினியருக்குப் போதாதுங்கிறதுதான் என் கருத்து.

ஏன்னா, ரெண்டாவது ஆள் 41 கிலோ தக்காளி, 20 கிலோ கத்திரிக்காய் வாங்கி 1,425 ரூபாய் கொடுத்தார்னு வைங்க. விகிதம் வேற, அதனால ஒரே தீர்வு: தக்காளி 25, கத்திரிக்காய் 20. இப்போ சில்லறை இல்லாம பில்லை 1,430-ஆ எழுதிட்டாங்க. திரும்பப் போட்டுப் பாருங்க. தக்காளி 30, கத்திரிக்காய் 10! அஞ்சு ரூபாய் பிசகுக்குக் கத்திரிக்காய் விலை பாதியாயிடுச்சு. காரணம், ரெண்டு கோடும் கிட்டத்தட்ட ஒரே சாய்வுல போகுது. லேசா நகர்த்தினாலும் வெட்டுற இடம் எங்கயோ போயிடும்.

சுமார் கி.பி. 850-ல மகாவீரர் எழுதின 'கணித சார சங்கிரக'த்துலயும் இப்படி ஒரு பழக்கணக்கு இருக்கு. 9 நார்த்தம்பழம், 7 விளாம்பழம் சேர்ந்து 107. 7 நார்த்தம்பழம், 9 விளாம்பழம் சேர்ந்து 101. விடை 8, 5. இதுல 107-ஐ 108 ஆக்கினாலும் விடை ஏறக்குறைய 8.3, 4.8-தான். ரெண்டு கோடும் நல்லா குறுக்க வெட்டுது, அதனால விடை ஆடாம நிக்குது.

இந்த ஆட்டத்தை அளக்க 'கண்டிஷன் நம்பர்'ங்கிற அளவை 1948-ல ஆலன் டூரிங் முன்வச்சார். உங்க போன் ஜிபிஎஸ்-லயும் இதே பிரச்சினைதான். சாட்டிலைட் எல்லாம் வானத்துல ஒரே பக்கமா இருந்தா, சமன்பாடுகள் ஒண்ணு மாதிரியே ஒண்ணு ஆகி, நீங்க நிக்கிற இடம் தப்பாக் காட்டும்.

நாம என்ன பண்றோம்? லேப்ல ரீடிங் எடுக்கிறோம், கால்குலேட்டர்ல போடுறோம், நாலு தசம இடம் வரைக்கும் விடை எழுதுறோம். ரீடிங்லயே பிசகு இருக்குங்கிறதை யாரும் நினைக்கிறதில்லை. கால்குலேட்டரும் எச்சரிக்காது.

"சிலபஸ் முடிக்கவே நேரமில்லை, இதுக்கு எங்க போக"ன்னு கேட்பீங்க. ரெண்டே நிமிஷம் போதும். ஒரு எண்ணை லேசா மாத்தி இன்னொரு தடவை போட்டுப் பாருங்க. விடையும் லேசாத்தான் மாறினா நம்புங்க. தலைகீழாப் போச்சுன்னா, அந்த விடையை வச்சு எதையும் கட்டாதீங்க. வேற ரீடிங் எடுங்க.

தீர்வு இருக்கான்னு கேட்கப் பள்ளிக்கூடம் சொல்லிக் கொடுத்துச்சு. அது எவ்வளவு உறுதியா இருக்குன்னு கேட்கிறது இனி நம்ம வேலை.