விளையாட்டும் வினையும்

கடந்த ஆண்டு எமது பகுதிப் பாடசாலைகளுக்கிடையே தமிழ்க் கட்டுரைப் போட்டியொன்று நடைபெற்றது. 'அண்மையில் என்னைச் சிந்திக்க வைத்த ஓர் ஆக்கம்' என்பது உயர்தர வகுப்பினர்க்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. நாவல்களையும் திரைப்படங்களையும் பற்றிய கட்டுரைகளுக்கு நடுவே, எமது பாடசாலை மாணவி ஒருத்தி கைத்தொலைபேசியில் தான் ஆடிய விளையாட்டொன்றைப் பற்றி எழுதியிருந்தாள். நடுவர் மூவர். "விளையாட்டு எப்படி ஓர் ஆக்கமாகும்?" என்றார் ஒருவர். "பிள்ளைகளைப் பிடித்தாட்டும் பேயைப் புகழ்ந்து எழுதினால் அதற்கும் புள்ளியா?" என்றார் மற்றவர். கட்டுரை விலக்கப்பட்டது. மூன்றாம் நடுவராகிய நாம் மறுத்து ஒரு சொல்லும் சொல்லாது கையொப்பமிட்டோம்.

சில நாட்களின் பின் அம்மாணவி எம்மிடம் வந்தாள். "சேர், நீங்கள் அதை ஒருதரமாவது விளையாடிப் பார்த்தீர்களா?" என்று கேட்டாள். நாம் பார்த்ததில்லை. வாசியாத நூலுக்கு மதிப்புரை எழுதும் திறனாய்வாளரை எத்தனையோ முறை எள்ளி நகையாடிய நாம் அன்று வாயடைத்து நின்றோம். மார்கழி விடுமுறையில், நண்பரொருவரின் கணினியை இரவல் பெற்று, நான்கு விளையாட்டுகளை ஆடினோம். அவற்றால் எம்முள் எழுந்த எண்ணங்களையும், எமது தவறு எத்தகையது என்பதையும் இங்கே கூற விரும்புகிறோம்.

கணினி விளையாட்டுகளைப் பற்றி நம்மிடையே இரண்டு கருத்துகள் வழங்குகின்றன. அவை வெறும் பொழுதுபோக்கு, அவற்றில் அரசியலைத் தேடுவது வீண்வேலை என்பது ஒன்று. 'கலை கலைக்காகவே' என்று முழங்கிய கூட்டம் இப்போது 'விளையாட்டு விளையாட்டுக்காகவே' என்று வந்து நிற்கிறது, அவ்வளவுதான். மற்றது, அவை யாவும் நஞ்சு, பறித்தெறிய வேண்டும் என்பது. இக்கருத்தைக் கூறுவோருட் பலர் நம்முடைய முகாமைச் சேர்ந்த ஆசிரியர்களே என்பது வேதனைக்குரியது. அவ்வாறு முழங்குவோரே ஆசிரியர் ஓய்வறையில் 'கான்டி கிரஷ்' ஆடுவதையும் நாம் கண்டிருக்கிறோம். 2012இல் வெளிவந்த அவ்விளையாட்டில் ஐந்து உயிர்கள் உண்டு. அவை தீர்ந்தால், ஒன்று திரும்பி வர அரை மணி நேரம் காத்திருத்தல் வேண்டும்; காத்திருக்க மனமில்லாதவர் காசு கொடுக்கலாம். பொறுமையின்மைக்கு விலை குறித்து விற்கும் கடை அது. மாணவனின் கையிலுள்ள பேயைக் கண்டவருக்குத் தம் கையிலுள்ள கடை தெரியவில்லை!

இரு சாராரும் ஓர் அடிப்படை உண்மையைக் காணத் தவறுகின்றனர். விளையாட்டு எக்காலத்திலும் கருத்தைச் சுமந்தே வந்துள்ளது. நம் பாட்டிமார் விழித்திருக்கும் இரவுகளில் ஆடிய பரமபதத்தை எண்ணிப் பாருங்கள். புண்ணியம் ஏணியாகவும் பாவம் பாம்பாகவும் அதில் வரையப்பட்டிருந்தன. ஏறுவதும் இறங்குவதும் தாயக்கட்டையின் கையில். ஆடுபவன் செய்யத்தக்கது யாதுமில்லை. வினைப்பயனை எவரும் மாற்றவியலாது என்ற தத்துவத்தை எப்பிரசங்கியும் ஊட்டாத அளவுக்கு அப்பலகை குழந்தையின் விரல்களுக்கு ஊட்டிவிட்டது. கதை சொல்வது வேறு, விதி செய்வது வேறு. ஒரு விளையாட்டின் உள்ளக்கிடக்கையை அறிய வேண்டுமாயின், அது என்ன சொல்கிறது என்பதைக் காட்டிலும், அது நம் கையை எதைச் செய்யப் பழக்குகிறது என்றே கேட்டல் வேண்டும்.

மாணவி எழுதியது 'பேப்பர்ஸ், பிளீஸ்' என்ற விளையாட்டைப் பற்றி. லூக்கஸ் போப் என்ற அமெரிக்கர் ஏறத்தாழத் தனியொருவராக ஆக்கி 2013இல் வெளியிட்டது. 2022இல் கைத்தொலைபேசிக்கும் வந்தது. காலம் 1982. களம் ஆர்ஸ்டொட்ஸ்கா என்ற கற்பனை நாட்டின் எல்லைச் சோதனைச்சாவடி. தொழிற் சீட்டிழுப்பில் பெயர் விழுந்தமையால் வேலை பெற்ற பரிசோதகராக நாம் அமர்ந்திருக்கிறோம். வருவோரின் கடவுச்சீட்டையும் அனுமதிப் பத்திரத்தையும் ஒப்பிட்டுப் பார்த்துப் பச்சை முத்திரையோ சிவப்பு முத்திரையோ குத்துதல் வேண்டும். பிழையின்றி முடிக்கும் ஆளுக்கு ஐந்து காசு. நாளின் முதலிரு பிழைகளுக்கு எச்சரிக்கை, அதன்மேல் தண்டம். மாலையில் வீட்டுக் கணக்கு வருகிறது: வாடகை, உணவு, குளிர்காயும் செலவு. மனைவி, மகன், மாமியார், மாமன் ஆகியோர் எம்மை நம்பியிருக்கின்றனர்.

ஒருநாள் பத்திரங்கள் யாவும் சரியாக உள்ள ஒருவன் உள்ளே செல்கிறான். அடுத்து வருபவள் தன் மனைவி, அவளிடம் இரக்கம் காட்டுங்கள் என்கிறான். அவளிடம் அனுமதிப் பத்திரம் இல்லை. அன்று நாம் ஏற்கெனவே இரு பிழைகள் விட்டிருந்தோம். வீட்டிலே மகனுக்கு நோய். அப்பெண்ணின் கடவுச்சீட்டில் நாம் சிவப்பு முத்திரையைக் குத்தினோம். ஐந்து காசுக்காகக் கணவனையும் மனைவியையும் பிரித்தோம்.

வாசகர்களே, அடையாள அட்டையைக் கையிற் பிடித்தபடி வெயிலில் வரிசையில் நின்று வளர்ந்த தலைமுறை எமது. சோதனைச்சாவடிச் சாளரத்துக்கு அப்பாலிருந்த முகத்தை நம் எழுத்தாளர் பலர் எழுதியுள்ளனர். நாமும் அவற்றை வகுப்பிற் படிப்பித்துள்ளோம். ஆயினும் அம்மேசையில் எம்முடைய கையை வைத்துப் பார்க்கும்படி எந்தக் கதையும் எம்மை வற்புறுத்தியதில்லை. இதனால் அம்முகத்தை நாம் மன்னித்துவிட்டோம் என எவரும் கொள்ளலாகாது. கொடுமைக்குக் கொடிய மனம் வேண்டியதில்லை. வாடகையும், குளிரும், ஆளுக்கு இவ்வளவு எனக் கணக்கிடும் கூலியும் போதும் என்பதை எம் கை கண்டுகொண்டது. சில நாட்கள் சென்றபின் காவலனொருவன் வந்து, ஆட்களைக் கைதுசெய்யும்படி அனுப்பினால் தனக்குக் கிடைக்கும் பணத்திற் பங்கு தருவதாகக் கூறுகிறான். அப்போது நாம் வரிசையிலிருந்த முகங்களைப் பணமாகப் பார்க்கத் தொடங்கியிருந்தோம். அரச யந்திரத்தைப் பற்றி நாம் வாசித்த நூல்கள் பல. அவற்றுள் ஒன்றேனும் எம்மை இவ்வாறு குற்றவாளியாக்கிக் கற்பித்ததில்லை.

இனி இதற்கு எதிர்மாறான ஒன்று. 'கோல் ஒஃப் டியூட்டி: மொடர்ன் வோர்ஃபெயார்' 2019இல் வெளிவந்த பெருங்கம்பனி விளையாட்டு. அதன் ஒரு கட்டத்துக்கு 'மரண நெடுஞ்சாலை' என்று பெயர். எரிந்து கிடக்கும் வாகனங்களுக்கு மேலே ஒரு குன்றிற் படுத்துக்கொண்டு நாம் குறிபார்த்துச் சுடுகிறோம். தப்பியோட முயன்ற மக்களை அவ்வீதியில் குண்டுவீசிக் கொன்றவர் ரஷியர் என்று எமக்குக் கூறப்படுகிறது. அப்பெயர் பெற்ற வீதி உலகில் உண்டு. குவைத்திலிருந்து பஸ்ராவை நோக்கிச் செல்லும் அவ்வீதியில், 1991 பெப்ரவரி இறுதியில், பின்வாங்கிச் சென்ற ஈராக்கியரின் வாகன வரிசையைத் தாக்கி எரித்தவை அமெரிக்கா தலைமையிலான கூட்டணியின் விமானங்கள். கதையில் வரும் நாடு கற்பனை என்பர். நாடு கற்பனையாயின், வீதியின் பெயர் மட்டும் ஏன் கற்பனையாகவில்லை? இரவல் பெற்றது பெயர்; மாற்றி எழுதியது குற்றவாளியை. ரஷியப் படைகள் செய்த கொடுமைகளை மறைக்க நாம் எழுதவில்லை. ஒருவன் செய்த கொலையை மற்றொருவன் தலையிற் சுமத்துவது வரலாறாகாது என்பதே எமது வாதம்.

இத்துறையிற் படையினரின் கை மறைவானதுமன்று. 2002இல் அமெரிக்கத் தரைப்படை 'அமெரிக்காஸ் ஆர்மி' என்ற விளையாட்டை ஆட்சேர்ப்பு நோக்குடன் தானே தயாரித்து இலவசமாக வெளியிட்டது. 2022 வரை அது நடைபெற்றது. அதில் ஒரு விந்தையான விதி உண்டு. இரு குழுக்கள் ஒன்றோடொன்று பொருதும்; ஆனால் எக்குழுவில் ஆடினாலும் ஆடுபவனின் கண்ணுக்குத் தன் குழுவே அமெரிக்கப் படையாகவும், எதிர்க்குழு பகைவராகவும் தோன்றும். இருபது ஆண்டுகளாக அவ்விளையாட்டில் எவரும் பகைவராக இருந்ததில்லை. எல்லாரும் பகைவரைச் சுட்டனர். ஏகாதிபத்தியத்தின் மனநிலையை இதனிலும் சுருக்கமாக விளக்கிய கோட்பாட்டு நூலை நாம் அறியோம். இதனைக் கூறும்போது, அத்தகைய விளையாட்டுகளில் இன்பம் இல்லை எனப் பொய்யுரைக்கமாட்டோம். குறி தப்பாது பட்டவுடன் எழும் மகிழ்ச்சியை நாமும் அனுபவித்தோம். அந்த மகிழ்ச்சியே ஆராயப்பட வேண்டியது.

மூன்றாவது, போலந்துக் கலைஞர்கள் ஆக்கி 2014இல் வெளியிட்ட 'திஸ் வோர் ஒஃப் மைன்'. 1992 முதல் 1996 வரை நீடித்த சரயேவோ முற்றுகை அதன் உந்துதல். இதில் நாம் போர்வீரர் அல்லர். இடிந்த வீடொன்றில் ஒடுங்கிய குடிமக்கள். பகலிற் சுடுவார்கள் என்பதால் வெளியேற இயலாது. இரவில் உணவும் மருந்தும் தேடிச் செல்கிறோம். முதிய தம்பதியர் வாழும் வீடொன்றுக்குள் நுழைந்தோம். கிழவர் எம் பின்னால் வந்து கெஞ்சினார். எடுத்துக்கொண்டு திரும்பினோம். எம்மோடிருந்தவர்கள் அதன்பின் உண்டார்கள். ஆனால் மனமுடைந்து, எழும்ப மறுத்துத் தரையில் அமர்ந்துவிட்டார்கள். 2020இல் போலந்து அரசு இதனைப் பாடசாலைகளுக்கான வாசிப்புப் பட்டியலிற் சேர்ப்பதாக அறிவித்தது. நமது போட்டி நடுவர்களுக்கு இச்செய்தி பயன்படக்கூடும்.

பதுங்குகுழியின் ஈரமண் வாசனையை அறிந்த எமக்கு இவ்விளையாட்டில் ஒரு குறையும் தென்பட்டது. இதன் விதிகள் ஒவ்வொரு வீட்டையும் தனித் தீவாக்குகின்றன. அயலவர் உதவி கேட்டு வருவதுண்டு. ஆயினும் வீடும் வீடும் சேர்ந்து ஓர் அடுப்பு மூட்ட வழியில்லை. இடம்பெயர்ந்து பாடசாலைக் கட்டடங்களிற் தங்கிய நாட்களில் ஒரு பானைக் கஞ்சியைப் பத்துக் குடும்பங்கள் பங்கிட்டதை நாம் கண்டிருக்கிறோம். திருட்டையும் கண்டிருக்கிறோம். போரில் மனிதன் மனிதனுக்கு ஓநாயாகிறான் என்பது பாதி உண்மை. மற்றப் பாதிக்கு இவ்விளையாட்டின் விதிகளில் இடமில்லை. நல்ல நோக்கமுடைய ஆக்கத்தையும் இவ்வாறு நின்று விசாரிப்பதே திறனாய்வு.

இறுதியாக 'டிஸ்கோ எலிசியம்'. எஸ்தோனியாவிற் தோன்றிய எழுத்தாளர் குழுவொன்று 2019இல் வெளியிட்டது. தலைமை எழுத்தாளர் ரொபர்ட் குர்விட்ஸ். புரட்சி நசுக்கப்பட்ட ஒரு நகரின் துறைமுகப் பகுதியிற் கதை நிகழ்கிறது. குடியால் தன் பெயரையும் மறந்த துப்பறிவாளன் கண்விழிக்கிறான், விடுதியின் பின்னால் மரத்தில் ஒரு பிணம், துறைமுகத்தில் வேலைநிறுத்தம். ஆயுதத்துக்கு இடம் மிகச் சிறிது, உரையாடலே செயல். நாவலாசிரியனின் கையும் விளையாட்டாளனின் கையும் ஒன்றாக இயங்கும் அரிய ஆக்கம் இது. அதில் ஒரு விதி எம்மைச் சுட்டது. துப்பறிவாளன் பொதுவுடைமைச் சிந்தனையைத் தனதாக்கிக்கொண்டால், அதன்பின் அவன் பேசும் ஒவ்வோர் இடதுசாரிச் சொல்லுக்கும் அவனுக்குப் புள்ளி கிடைக்கும். பேசினாற் போதும், துறைமுகத்தில் எதுவும் மாறவேண்டியதில்லை! எமது கூட்ட மேடைகளை எண்ணிச் சிரித்தோம். சிரிப்பு நெடுநேரம் நிலைக்கவில்லை.

இவ்வாக்கத்துக்கு நேர்ந்த கதியும் ஒரு பாடமே. 2019 இறுதியில் விருது பெற்ற மேடையில், தமக்கு அரசியற் கல்வி தந்தமைக்காக மார்க்சுக்கும் ஏங்கெல்சுக்கும் அதன் எழுத்தாளர் ஒருவர் நன்றி கூறினார். குர்விட்ஸ் உட்பட முதன்மையான படைப்பாளிகள் தம் விருப்பத்துக்கு மாறாக நிறுவனத்திலிருந்து நீங்க நேர்ந்தது என்ற செய்தி 2022 ஒக்டோபரில் வெளியாயிற்று. இரு தரப்பும் ஒன்றையொன்று குற்றஞ்சாட்டின. வழக்கின் நியாயம் எதுவாயினும், உருவாக்கியவர் வெளியே நிற்க உருவாக்கம் நிறுவனத்தின் கையிலிருக்கிறது என்பது உண்மை. பெருங்கம்பனிகளின் கதையோ இதனிற் பெரிது. 2023 ஒக்டோபரில் மைக்ரோசொஃப்ட், 'கோல் ஒஃப் டியூட்டி'யை வெளியிடும் கம்பனியை ஏறத்தாழ 6,870 கோடி டொலருக்கு வாங்கியது; 2024 ஜனவரியில் தன் விளையாட்டுப் பிரிவில் 1,900 பேரை வேலைநீக்கம் செய்தது. ஆறு மாதங்களின் பின், தம் குரலையும் உடலசைவையும் செயற்கை நுண்ணறிவு திருடாதிருக்கப் பாதுகாப்புக் கோரி, விளையாட்டுகளில் நடிக்கும் அமெரிக்கக் கலைஞர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். ஓராண்டளவில் புதிய ஒப்பந்தம் பெற்றனர். உழைப்பும் உடைமையும் மோதும் களத்தைப் 'பொழுதுபோக்கு' என்று ஒதுக்குவது எத்தகைய முற்போக்கு?

ஆசிரிய நண்பர்களே, நம் மாணவர் இவ்வாக்கங்களோடு கழிக்கும் நேரம் நம் பாடநூல்களோடு கழிக்கும் நேரத்திலும் மிகுதியாக இருக்கலாம். அங்கே அவர்களுக்குப் பாடம் நடக்கிறது. அப்பாடத்தைக் கேள்வி கேட்கக் கற்பிக்க வேண்டியவர் நாம். இவ்விதியை ஆக்கியவர் யார்? இதனால் வெல்பவர் யார்? என் கை எதற்குப் பழகுகிறது? இம்மூன்று வினாக்களை வகுப்பில் எழுப்பத் தொலைபேசியைப் பறிக்க வேண்டியதில்லை. நாம் ஒருமுறை ஆடிப் பார்த்திருந்தாற் போதும்.

விடுமுறை முடிந்ததும் அம்மாணவியின் கட்டுரையை மீண்டும் வாசித்தோம். அவள் அப்பெண்ணை உள்ளே விட்டிருந்தாள். அன்றிரவு குளிர்காயக் காசு போதவில்லை என்றும், இருந்தும் தான் வருந்தவில்லை என்றும், ஆனால் பத்தாம் நாளும் அவ்வாறு செய்திருப்பேனா என்று தனக்குத் தெரியவில்லை என்றும் எழுதியிருந்தாள். பதினெட்டு வயதுப் பிள்ளையொருத்தி தன்னைத் தானே இவ்வளவு நேர்மையாக விசாரித்த அக்கட்டுரைக்கு, அதனைத் திறந்துகூட நோக்காமல், விதிமுறையைக் காட்டிச் சிவப்பு முத்திரை குத்திய மூவருள் நாமும் ஒருவர். விளையாட்டில் ஐந்து காசுக்காகவேனும் குத்தினோம், இங்கே அதுவுமில்லை. போட்டியை நடத்தியோருக்கு எமது கையொப்பத்தை மீளப் பெறுவதாக எழுதியுள்ளோம். பதில் வரும்வரை காத்திராது, இத்தவணை எமது உயர்தர வகுப்பில் அக்கட்டுரையை அம்மாணவியைக் கொண்டே வாசிப்பிக்கவிருக்கிறோம். நண்பர்கள் தத்தம் வகுப்புகளிலும் இதைத் தொடங்குதல் வேண்டும்.