மலை ரயிலில் ஒரே ஒரு பெட்டிக்கு ஒரு அகலமான கதவு



நம்மில் பல பேர் மேட்டுப்பாளையம் - ஊட்டி மலை ரயிலில் ஒரு தடவையாவது போயிருப்போம். போகாதவங்க சினிமாவிலாவது பார்த்திருப்பீங்க. கல்லார் தாண்டியதும் தண்டவாளத்துக்கு நடுவே இருக்கும் பல்சட்டத்தை எஞ்சின் கவ்விக்கொள்ளும். பெட்டிகளைப் பின்னாலிருந்து முட்டித் தள்ளிக்கொண்டே குன்னூர் வரை ஏறும். அந்த ஏற்றத்தின் கடுமையான இடங்களில் சரிவு ஏறத்தாழ 12-க்கு 1. அதாவது 12 அடி போனால் ஒரு அடி உயரம்.

இந்தக் கணக்கைக் கொஞ்சம் மனசுல வெச்சுக்கோங்க. பொதுக் கட்டடங்களில் சக்கர நாற்காலிக்காகப் போடும் சாய்தளம் இருக்கே, அதற்கு அனுமதிக்கப்படும் அதிகபட்சச் சரிவும் இதே 12-க்கு 1 தான். 1899-ல் ஒரு முழு ரயிலையே அந்தச் சரிவில் ஏற்றிக் காட்டிய பாதை இது. ஆனால் அதன் பழைய பெட்டிக்குள் ஒரு சக்கர நாற்காலியை ஏற்றணும்னா இன்னிக்கும் நாலு பேர் சேர்ந்து தூக்கணும். தாழ்வான பிளாட்பாரம், உயரமான படி, குறுகலான கதவு, உள்ளே போனால் எதிரெதிரே பெஞ்சு. நாற்காலியைத் திருப்பக்கூட இடமில்லை.

"தூக்கி உட்கார வெச்சா போச்சு, நம்ம ஊர்ல உதவ ஆளா இல்லை?" என்று சிலர் கேட்பீர்கள். நல்ல மனசோடுதான் கேட்கிறீர்கள். ஆனால் முதுகுத்தண்டு அடிபட்ட ஒருவரைப் பழக்கமில்லாத கைகள் தூக்குவது ஆபத்து. மோட்டார் வைத்த நாற்காலியைத் தூக்கவே முடியாது. அதையெல்லாம் விடுங்க. டிக்கெட் வாங்கின பயணி ஏன் மூட்டை மாதிரி ஏற்றப்படணும்? பிரிட்டனில் சில பத்தாண்டுகளுக்கு முன்பு வரை சக்கர நாற்காலிப் பயணிகளை கார்டு வேனில், பார்சல்களோடு பார்சலாகத்தான் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

அதே பிரிட்டனில் இன்று நிலைமை வேறு. செவர்ன் வேலி, நார்த் யார்க்‌ஷயர் மூர்ஸ் போன்ற பாரம்பரிய ரயில் பாதைகளில், 1950-களிலும் 60-களிலும் கட்டப்பட்ட பழைய பெட்டிகளை எடுத்து, சில இருக்கைகளைக் கழற்றி, கதவை அகலப்படுத்தி, சக்கர நாற்காலியோடு உள்ளே வந்து ஜன்னலோரம் இருக்கிற மாதிரி மாற்றியிருக்கிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் அதே பழைய பெட்டி, அதே பழைய வண்ணம். பாரம்பரியம் ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

இங்கே மட்டும் கெட்டுவிடுமா? யுனெஸ்கோ 2005-ல் நம் மலை ரயிலை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அதற்குப் பிறகுதான் திருச்சி பொன்மலைப் பணிமனை இந்தப் பாதைக்குப் புதிய நீராவி எஞ்சின்களையே கட்டிக் கொடுத்தது, எண்ணெயில் ஓடும் எஞ்சின் உட்பட. சின்னம் என்ற பெயர் போய்விடவில்லை. எஞ்சினையே புதுசாகக் கட்டத் தெரிந்த பொன்மலைத் தொழிலாளர்களுக்கு ஒரு பெட்டியின் கதவை அகலப்படுத்தத் தெரியாதா என்ன?

நாம் சலுகை கேட்கவில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-ன் 41-வது பிரிவு பழைய போக்குவரத்து வாகனங்களை மாற்றியமைப்பதைப் பற்றி நேரடியாகவே பேசுகிறது. கூடவே நிபந்தனைகளும் உண்டு: தொழில்நுட்பரீதியாக முடிய வேண்டும், பாதுகாப்பாக இருக்க வேண்டும், செலவு கட்டுப்படியாக வேண்டும், பெட்டியின் அமைப்பைப் பெரிதாக உடைக்கக் கூடாது. நியாயமான நிபந்தனைகள்தான். ஆனால் முடியாது என்றால் அளந்து பார்த்துவிட்டுச் சொல்லட்டும். ஆய்வே செய்யாமல் "பாரம்பரிய ரயில், சாத்தியமில்லை" என்று ஒரு வரியில் முடித்துவிடக் கூடாது.

சரி, எங்கிருந்து தொடங்குவது? குன்னூர் - ஊட்டிப் பகுதியிலிருந்து. சுமார் 19 கிலோமீட்டர் தூரம்தான். அங்கே பல்சட்டம் கிடையாது, டீசல் எஞ்சின் இழுக்கிறது. ஒரு பழைய பெட்டியின் ஒரு முனையில் இரண்டு அறைகளுக்கு நடுவே உள்ள தடுப்பை எடுத்தால் போதும். 90 சென்டிமீட்டர் இடைவெளி விடும் கதவு, நாற்காலியைத் தரையோடு இறுக்கும் பட்டைகள், பக்கத்தில் துணைக்கு வருபவருக்கு ஒரு இருக்கை. மீதி இடத்தில் மடக்கு இருக்கைகள் போடலாம். சக்கர நாற்காலிப் பதிவு இல்லாத நாளில் அதில் மற்றவர்கள் உட்காரட்டும். "டிக்கெட்டே கிடைக்கல, இதுல சீட்டை வேற குறைக்கிறீங்களா" என்ற கோபத்துக்கும் அதுவே பதில்.

பிளாட்பாரத்தில்தான் சிக்கல். பெட்டியின் தளம் 60 சென்டிமீட்டர் மேலே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 12-க்கு 1 கணக்கில் சாய்தளம் 7 மீட்டரைத் தாண்டும். சின்ன நிலையத்தில் அது குறுக்கே நிற்கும். கையால் சுற்றி உயர்த்தும் தள்ளு லிஃப்ட் ஒன்று குன்னூரில், ஒன்று ஊட்டியில் வைத்தால் வேலை முடிந்தது. மேட்டுப்பாளையத்திலிருந்து வரும் நீண்ட பயணம் அடுத்த கட்டம். பெட்டிக்குள் கழிப்பறை இல்லாத ரயில் அது. இடையில் நிற்கும் ஹில்குரோவ் நிலையத்தில் அதற்கு வழி செய்யாமல், ஒருவரை நாலைந்து மணி நேரம் உட்கார வைப்பது கொடுமை.

"வேலை, ஓய்வூதியம், மருத்துவம்னு ஆயிரம் பிரச்சினை இருக்கு, உல்லாசப் பயணம் ஒரு கோரிக்கையா?" இதை நம் தோழர் ஒருவரே கேட்கக்கூடும். 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் சுமார் 11 லட்சத்து 80 ஆயிரம் பேர். அவர்களுக்கும் பேரப்பிள்ளைகள் உண்டு, கல்யாண நாள் உண்டு. குடும்பமே மலை ரயிலில் போகும்போது ஒருவர் மட்டும் காரில் போய் ஊட்டியில் காத்திருக்கணுமா? 2022-ல் மெரினாவில் கடல் வரைக்கும் மரப்பாதை போட்டார்கள். சில நாட்களிலேயே புயல் அதன் ஒரு பகுதியைப் பெயர்த்துப் போட்டது. அதற்காக யாரும் அது வேண்டாத வேலை என்று சொல்லவில்லை. யார் ஆட்சியில் செய்தாலும் நல்லது நல்லதுதான்.

நம்மையும் கொஞ்சம் கேட்டுக்கொள்வோம். நம் பொதுக்கூட்ட மேடைகளில் எத்தனைக்குச் சாய்தளம் இருந்தது? அடுத்த கூட்டத்திலிருந்து இருக்கும்.

நீலகிரி, கோவைத் தோழர்களுக்கு ஒரு வேலை. இந்த வாரம் ஸ்டேஷன் பக்கம் போகிறவர்கள் ஒரு அளவு டேப்பும் கையோடு எடுத்துட்டுப் போங்க. அதிகாரிகளிடம் அனுமதி கேட்டு, வண்டி நிற்கும்போது மட்டும், மூணு அளவு எடுங்க: பிளாட்பாரத்திலிருந்து பெட்டித் தளம் வரை உயரம், கதவின் அகலம், நிலையக் கழிப்பறைக் கதவின் அகலம். பயணிகளைப் படம் எடுக்காதீங்க. அளவுகளை இந்தப் பதிவுக்குக் கீழே போடுங்க. கோரிக்கை மனுவோடு இணைத்து ரயில்வே நிர்வாகத்திடம் நேரில் கொடுக்கிறோம்.

#மலைரயில்_எல்லோருக்கும்