நடுக்கத்தை எண்ணினால் போதுமா?

மேலறை நடுக்கம் எனப்படும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனுக்கான சிகிச்சைகளை மதிப்பிடும் முறையைக் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் தலைகீழாக மாற்றியது அளக்கும் கருவிதான். அமெரிக்காவின் மான்டானாவில் நார்மன் ஹோல்டர் முதலில் செய்த பதிவுக் கருவி, முதுகில் சுமக்கவேண்டிய ஏறத்தாழ 38 கிலோ மூட்டை. இன்று தோலுக்கடியில் வைக்கும் லூப் ரெக்கார்டர் சுமார் நான்கரை சென்டிமீட்டர் நீளமே இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் ஓயாமல் துடிப்பைக் கவனிக்கிறது. நோயாளி படபடப்பு என்று சொல்லி வரும்போது எடுத்த இ.சி.ஜி.யையும் எப்போதாவது மாட்டிய ஹோல்டர் பதிவுக் கருவியையும் நம்பி ஒரு சிகிச்சையை வெற்றி என்று அறிவித்த காலம் முடிந்துவிட்டது. அது நல்லதே. ஆனால் கருவி எதை எண்ணுகிறதோ அதையே சிகிச்சையின் பலனாகக் கொள்ளும் பழக்கம் நம்மிடையே வேகமாகப் பரவுகிறது. அதைப் பற்றித்தான் இந்த இதழில் பேசவேண்டியிருக்கிறது.

2021-இல் வெளியான ‘எர்லி ஏ.எஃப்.’ ஆய்வை எடுத்துக்கொள்வோம். அதுவரை மருந்து தொடங்காத 303 பேரில் ஒரு சாராருக்குக் குளிர்முறை அப்லேஷன், மறுசாராருக்குத் துடிப்பைச் சீராக்கும் மருந்து. அனைவருக்கும் லூப் ரெக்கார்டர் பொருத்தப்பட்டது. ஓராண்டில் துடிப்புக் கோளாறு மீண்டும் வந்தவர்கள் அப்லேஷன் பிரிவில் 42.9 சதவீதம், மருந்துப் பிரிவில் 67.8 சதவீதம். 30 விநாடி நீடித்தாலே ‘மீண்டும் வந்தது’ என்ற கணக்கு இது. நோயாளி உணர்ந்த மீள்வருகையை மட்டும் பார்த்தால் 11 சதவீதமும் 26.2 சதவீதமும்தான். மொத்த நேரத்தில் நடுக்கத்தில் கழிந்த பங்கைப் பார்த்தாலோ, இடைநிலை அளவு அப்லேஷன் பிரிவில் பூஜ்யம், மருந்துப் பிரிவில் 0.13 சதவீதம், அதாவது நாளொன்றுக்கு இரண்டு நிமிடத்துக்கும் குறைவு. அதே நோயாளிகள், அதே கருவி, மூன்று அளவுகோல்கள்! அப்லேஷன் முறைகளை ஒப்பிட்ட ‘சர்க்கா டோஸ்’ ஆய்வு இன்னும் தெளிவானது. ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஓராண்டுக்குள் கோளாறு மீண்டும் வந்தது. ஆனால் நடுக்கத்தில் கழியும் நேரம் 98 சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தது. 30 விநாடிக் கணக்கை மட்டும் வைத்துக்கொண்டிருந்தால் அந்தச் சிகிச்சையைப் பாதித் தோல்வி என்றே எழுதியிருப்போம்.

இதற்கு நேரெதிரான ஆபத்தையும் நம் துறை ஒருமுறை அனுபவித்திருக்கிறது. மாரடைப்புக்குப் பின் கீழறையில் தோன்றும் கூடுதல் துடிப்புகளை அடக்கினால் திடீர் மரணம் குறையும் என்று நம்பி நடத்தப்பட்ட ‘காஸ்ட்’ ஆய்வில், மருந்து துடிப்புகளை அடக்குகிறதா என்று முதலில் ஹோல்டர் வைத்துப் பார்த்தார்கள். அடங்கியவர்களையே ஆய்வுக்குள் எடுத்தார்கள். என்கெய்னைடு அல்லது ஃப்ளெகெய்னைடு பெற்ற 755 பேரில் 63 பேர் இறந்தார்கள். வெற்று மாத்திரை பெற்ற 743 பேரில் 26 பேர். பதிவுத்தாளில் வெற்றி பெற்ற மருந்து நோயாளிகளைக் கொன்றது. இளைய மருத்துவர்களுக்கு இந்த ஆய்வை நாம் போதிய அழுத்தத்துடன் கற்பிப்பதில்லை என்பது என் வருத்தம்.

முன்கூட்டியே கண்டுபிடிக்கும் முயற்சிகளுக்கும் இந்தப் பாடம் பொருந்தும். டென்மார்க்கின் ‘லூப்’ ஆய்வில் 70 முதல் 90 வயதுவரை உள்ள 6,004 பேர் சேர்ந்தார்கள். ரெக்கார்டர் வைத்தவர்களில் 31.8 சதவீதத்தினருக்கு நடுக்கம் தெரியவந்தது, வைக்காதவர்களில் 12.2 சதவீதம். உறைவுத் தடுப்பு மருந்து தொடங்கியவர்கள் இருமடங்குக்கு மேல். ஆனாலும் பக்கவாதம் அல்லது உறைகட்டி அடைப்பு 5.6 சதவீதத்திலிருந்து 4.5 சதவீதமாகவே குறைந்தது. புள்ளியியல்படி அது உறுதியான வேறுபாடு அல்ல. கருவி பிடித்துக் கொடுக்கும் சிறு சிறு நடுக்கங்கள் பலவும், நாம் இ.சி.ஜி.யில் கண்டு மருந்து தரும் நோய்க்குச் சமமானவை அல்ல. ‘அஸெர்ட்’ ஆய்வின் பிந்தைய அலசலில் 24 மணி நேரத்தைத் தாண்டிய நடுக்கத்திலேயே பக்கவாத அபாயம் தெளிவாக உயர்ந்தது. ஆறு நிமிட அளவில் பேஸ்மேக்கர் பதிந்த நிகழ்வுகளில் 17.3 சதவீதம் பொய் என்பதும் அந்த ஆய்விலிருந்தே தெரிந்தது. பதிவைக் கண்ணால் பார்க்காமல் மருந்துச் சீட்டு எழுதுவது தவறு.

அப்படியானால் சிறு நடுக்கத்துக்கு உறைவுத் தடுப்பு மருந்து தரலாமா? 2023-இல் இரண்டு ஆய்வுகள் பதில் சொன்னன. எடாக்ஸபானைச் சோதித்த ‘நோவா’வில் பலன் நிலைநாட்டப்படவில்லை, இரத்தக்கசிவும் மரணமும் சேர்ந்த கணக்கு கூடியது. அப்பிக்ஸபானை ஆஸ்பிரினுடன் ஒப்பிட்ட ‘ஆர்ட்டீசியா’வில் பக்கவாதமும் உறைகட்டி அடைப்பும் ஆண்டுக்கு 1.24 சதவீதத்திலிருந்து 0.78 ஆனது; பெரும் இரத்தக்கசிவோ 0.94-இலிருந்து 1.71 ஆனது. முன்பே பக்கவாதம் வந்தவர்களுக்கும் பக்கவாத அபாயப் புள்ளி நான்கைத் தாண்டியவர்களுக்கும் பலன் கூடுதல். யாருக்குத் தருவது என்பதுதான் இனிமேலான கேள்வி. அதற்கு விடை தரும் தகவல், நாம் ஏற்கெனவே பொருத்தியுள்ள கருவிகளில் பயன்படாமல் கிடக்கிறது.

நம் நாட்டைப் பொறுத்தவரை இன்னொன்று. இந்திய இதயத் துடிப்புச் சங்கத்தின் பதிவேட்டில் மேலறை நடுக்க நோயாளிகளின் சராசரி வயது ஐம்பத்தைந்துக்குச் சற்றுக் குறைவு. ஏறக்குறைய பாதிப் பேருக்கு ருமாட்டிக் வால்வு நோய். மேலே சொன்ன கண்காணிப்பு ஆய்வுகளில் நடுத்தரம் முதல் கடுமையான மைட்ரல் சுருக்கம் உள்ளவர்கள் தனியாக ஆராயப்படவில்லை. இவர்களுக்கென்றே நடத்திய ‘இன்விக்டஸ்’ ஆய்வு 2022-இல் வந்தபோது, புதிய மருந்தான ரிவராக்ஸபானைவிட பழைய வைட்டமின்-கே எதிர்ப்பு மருந்தே மேல் என்று தெரிந்தது. பலர் எதிர்பார்த்ததற்கு நேர்மாறு. மற்றவர்களிடம் கிடைத்த முடிவை இவர்களுக்குக் கடனாகக் கொடுக்க முடியாது. சுருக்கம் உள்ள, இன்னும் சீரான துடிப்பில் இருக்கும் நாற்பது வயதுப் பெண்ணுக்கு மூன்று மணி நேர நடுக்கம் என்ன பொருள் தரும் என்பதை நாம்தான் ஆய்ந்து சொல்லவேண்டும்.

ஆகவே நம் மையங்களுக்கு ஒரு வேண்டுகோள். ரெக்கார்டரோ பேஸ்மேக்கரோ சரிபார்க்கும் ஒவ்வொரு முறையும் மிக நீண்ட நடுக்கத்தின் நேரத்தையும் மொத்தச் சுமையையும் நோயாளியின் கோப்பில் எழுதுங்கள். அவரே பின்னர் பக்கவாதத்தோடோ இரத்தக்கசிவோடோ வந்தால் அதையும் அதே கோப்பில் சேருங்கள். சமவாய்ப்பு ஆய்வு ஒன்று உங்கள் ஊருக்கு வந்தால் வால்வு நோயாளிகளை வெளியே நிறுத்தாமல் சேர்க்கும்படி கேளுங்கள். அத்தகைய தொகுப்பு எந்த மையத்திலிருந்து வந்தாலும், எண்ணிக்கை சிறியதாயினும், இந்த இதழ் முன்னுரிமை கொடுத்துப் பரிசீலிக்கும்.