டுவினை வெட்டாதீர்கள்

ராகலை உறவுகளே. கொஞ்சம் நீளமான பதிவு. கோபத்தோடுதான் எழுதுகிறோம்.

நாம் ‘டுவின்’ என்று சொல்லும் பழைய ஹொண்டா சிடி 125 பென்லியைக் கண்டாலே நம் தம்பிமார் சிலருக்குக் கை அரிக்கிறது. சைலன்சரை வெட்டுகிறார்கள். செயின் கவரைக் கழற்றி எறிகிறார்கள். மட்கார்டைப் பாதியாக அறுக்கிறார்கள். கேட்டால் ‘மொடிஃபை’ என்கிறார்கள்.

எதைத் திருத்தினீர்கள், தம்பி? முதலில் வண்டியைத் தெரிந்துகொள்ளுங்கள்.

மொத்தமே 124 சிசி. அதையும் இரண்டு சிலிண்டராகப் பிரித்திருக்கிறார்கள். ஒவ்வொன்றும் 44 மில்லிமீற்றர் அகலம். பிஸ்டன் ஓடும் தூரம் 41 மில்லிமீற்றர். இரண்டு பிஸ்டனும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும். ஆனால் வெடிப்பது மாறி மாறித்தான். ஒற்றைச் சிலிண்டர் வண்டியில் கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றினால்தான் ஒரு தள்ளு. டுவினில் சுற்றுக்கு ஒரு தள்ளு. ஏற்றத்தில் துள்ளாமல் இழுப்பதும், அந்த ஒரே சீரான மெல்லிய சத்தமும் அதனால்தான். அந்தச் சத்தத்தைத்தான் நீங்கள் வெட்டி எறிகிறீர்கள்.

பென்லி என்ற பெயர், ஜப்பான் மொழியில் வசதி என்று பொருள்படும் ‘பென்ரி’ என்ற சொல்லில் இருந்து வந்தது. இது ரேஸ் வண்டி இல்லை, வேலைக்குப் போகிறவரின் வண்டி. முழுதாக மூடிய செயின் கவர் அலங்காரத்துக்கு வைத்ததா? நம் மழையிலும் சேற்றிலும் செயின் தேயாமல் இருப்பது அதனால்தான். சைலன்சரை வெட்டினால் சத்தம்தான் கூடும். காபரேட்டரின் கணக்குக் குழம்பி இஞ்சின் சூடேறும். எயார் கிளீனரையும் கழற்றினால் ரோட்டுத் தூசி நேரே சிலிண்டருக்குள். முன்னும் பின்னும் டிரம் பிரேக் உள்ள வண்டியை வலப்பனை இறக்கத்தில் ரேஸ் விட்டால் பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போகும். அதற்குப் பிறகு யாருடைய உம்மா அழுவது?

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2022இல் கியூஆர் காட்டி வாரத்துக்கு 4 லீற்றர் பெற்றோல் வாங்கினோம். பழைய வண்டியின் அருமை அப்போது தெரிந்தது. இன்று கழற்றி எறிகிற அசல் சாமானை நாளைக்குப் பஞ்சிகாவத்தை முழுக்க அலைந்தாலும் எடுப்பது கஷ்டம்.

‘என் வண்டி, என் இஷ்டம்’ என்கிறீர்கள். சரி. ஆனால் அது பாடசாலை வாசலைத் தாண்டும்போது கரும்பலகைக்கு முன்னால் நாங்கள் பேச்சை நிறுத்திவிட்டு நிற்கிறோம். இரவில் போனால் லயத்தில் தொட்டில் பிள்ளை விழித்து அழுகிறது. விடிந்தால் அந்தத் தாய்க்குக் கொழுந்து மலை. பாதையில் கிடக்கும் முள்ளை எடுத்துப் போடுவதும் தர்மம் என்று ஓதி வளர்ந்த நாம், பாதையிலேயே தொல்லையை ஓட்டிக்கொண்டு போகலாமா?

பிள்ளைகளை மட்டும் குறை சொல்லவில்லை. அவர்களில் பலர் நாங்கள் படிப்பித்தவர்கள்தான். வெட்டக் காசு கொடுப்பது யார்? வாப்பாமாரும் அப்பாமாரும்தானே? கேட்டதும் வெட்டிக் கொடுக்கும் கராஜ் பாஸ்மாருக்கும் இதில் பங்கு இல்லையா?

டுவின் மேல் உண்மையாகவே ஆசை இருந்தால் நேரத்துக்கு ஒயில் மாற்றுங்கள். டெப்பட் பாருங்கள். செயினுக்குக் கிறீஸ் போடுங்கள். கழற்றிய சைலன்சர் வீட்டு மூலையில் இன்னும் கிடந்தால் இந்த வாரமே திரும்பப் பூட்டுங்கள்.

மாற்றுக் கருத்து இருந்தால் கீழே எழுதுங்கள். மரியாதையாகப் பேசுவோம்.