பாஸ்வேர்டு மேனேஜரை மாற்றப் போறீங்களா? பூட்டு இல்லாத அந்த ஒரு ஃபைலை கவனிங்க

2025-ம் ஆண்டு ஜூன் மாதம், மைக்ரோசாஃப்ட் ஆத்தென்டிகேட்டர் செயலியில் புதிய பாஸ்வேர்டுகளைச் சேர்க்கும் வசதி நிறுத்தப்பட்டது. ஜூலையில், லாகின் பக்கத்தில் தானாக நிரப்பித் தரும் ஆட்டோஃபில் நின்றது. ஆகஸ்டில், ஏற்கெனவே சேமித்து வைத்த பாஸ்வேர்டுகளைக்கூட அந்தச் செயலியில் பார்க்க முடியாமல் போனது. எட்ஜ் பிரவுசருக்கு வாருங்கள், இல்லையென்றால் எடுத்துக்கொண்டு வேறு இடத்துக்குப் போங்கள் என்று சொல்லிவிட்டது நிறுவனம். அதே ஆண்டு அக்டோபர் 28-ம் தேதியோடு டிராப்பாக்ஸும் தனது பாஸ்வேர்ட்ஸ் சேவைக்கு மூடுவிழா நடத்தியது.

சேவை மூடப்படுவது ஒரு காரணம்தான். சந்தா ஏறும், ஆண்ட்ராய்டில் இருந்து ஐபோனுக்கு மாறுவோம், வீட்டில் எல்லோரும் ஒரே செயலிக்கு வரலாம் என்று பேச்சு வரும். எப்படியும் ஒருநாள் மாற வேண்டியிருக்கும். மாறுவதும் பெரிய வேலை இல்லை. பழையதில் எக்ஸ்போர்ட், புதியதில் இம்போர்ட், பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும். ஆனால் அந்தப் பத்து நிமிஷத்தில் கையில் இருப்பது என்ன என்பதைத்தான் பலரும் யோசிப்பதில்லை.

எக்ஸ்போர்ட் கொடுத்தால் என்ன வருகிறது?

பெரும்பாலும் சிஎஸ்வி ஃபைல். கூகுள் குரோமில் எடுத்துப் பார்த்தால் ஐந்து நெடுவரிசைகள் இருக்கும்: தளத்தின் பெயர், முகவரி, யூசர்நேம், பாஸ்வேர்டு, குறிப்பு. எல்லாமே வெறும் எழுத்து. மறையாக்கம் எதுவும் கிடையாது. நோட்பேடில் திறந்தால் வங்கிக் கணக்கில் இருந்து ஐஆர்சிடிசி வரை வரிசையாகப் படிக்கலாம். இத்தனை நாள் மாஸ்டர் பாஸ்வேர்டு, கைரேகை என்று பூட்டிக் காத்ததெல்லாம், டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் கல்யாணப் பத்திரிகை பிடிஎஃப்புக்குப் பக்கத்தில் சும்மா கிடக்கும்.

அது அங்கேயே கிடந்தாலும் பரவாயில்லை, அது நகரும் என்பதுதான் பிரச்சினை. லேப்டாப்பில் டெஸ்க்டாப்பில் சேமித்தால், ஒன்டிரைவ் அதை ஓசையில்லாமல் கிளவுடுக்கு ஏற்றிவிடலாம். போனுக்கு அனுப்ப வாட்ஸ்அப்பில் தனக்குத்தானே அனுப்பிக்கொள்பவர்களும் உண்டு. பிறகு அந்த சாட்டை யார் அழிக்கப் போகிறார்கள்? அலுவலக லேப்டாப்பில் எடுத்தால் இன்னும் மோசம். அந்தக் கருவியின் பேக்கப் எங்கே போகிறது என்பது உங்கள் கையில் இல்லை.

இன்னொரு வில்லன், எக்ஸெல். சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்கலாமே என டபுள் கிளிக் செய்தால் சிஎஸ்வி அதில்தான் திறக்கும். 0-வில் தொடங்கும் எண் பாஸ்வேர்டை அது சாதாரண எண்ணாக நினைத்து முன்னால் இருக்கும் பூஜ்யத்தை விழுங்கிவிடும். சமக்குறியில் தொடங்கினால் ஃபார்முலா என்று எடுத்துக்கொள்ளும். தமிழில் எழுதி வைத்த குறிப்புகள் புரியாத குறியீடுகளாக மாறலாம். அந்த நிலையில் சேவ் கொடுத்தால் கெட்டுப்போன பாஸ்வேர்டுதான் புதிய வீட்டுக்குக் குடிபோகும். திறந்து பார்க்காமல் அப்படியே இம்போர்ட் செய்வதுதான் நல்லது.

சிஎஸ்வியில் வராதவையும் இருக்கின்றன. ஃபைலாக இணைத்து வைத்த பாஸ்போர்ட் ஸ்கேன் வராது. 30 விநாடிக்கு ஒருமுறை மாறும் ஓடிபி குறியீடுகளைப் பழைய செயலியிலேயே வைத்திருந்தால், அவை வருமா என்பது இரண்டு செயலிகளையும் பொறுத்தது. இதைப் பார்க்காமல் பழைய கணக்கை மூடினால் ஜிமெயிலுக்கு உள்ளேயே போக முடியாமல் வாசலில் நிற்க வேண்டியதுதான்.

பாஸ்கீ ஏன் கூடவே வருவதில்லை?

பாஸ்வேர்டுக்கு மாற்று என்று கூகுள், ஆப்பிள், மைக்ரோசாஃப்ட் மூன்றும் முன்னிறுத்துவது பாஸ்கீ. இதில் தட்டச்சு செய்ய எதுவும் இல்லை. ஒரு ரகசியச் சாவி உங்கள் மேனேஜருக்குள் இருக்கும், அதற்கு ஜோடியான பொதுச் சாவி இணையதளத்திடம் இருக்கும். போலித் தளத்தில் பாஸ்வேர்டைக் கொடுத்து ஏமாறுவது போல இதில் ஏமாற முடியாது. பாதுகாப்பில் இது பெரிய முன்னேற்றம், சந்தேகமே இல்லை.

ஆனால் குரோம் தரும் அந்த ஐந்து நெடுவரிசையில் பாஸ்கீக்கு இடமே இல்லை. அதனால் இருபது தளங்களில் பாஸ்கீ வைத்திருப்பவர் மேனேஜரை மாற்றினால், ஒவ்வொரு தளத்துக்கும் போய், பழையதை வைத்து உள்ளே நுழைந்து, புதியதில் இன்னொரு பாஸ்கீ உருவாக்கி, பழையதை நீக்க வேண்டும். இருபது தடவை இதைச் செய்ய யாருக்குப் பொறுமை இருக்கும்? பேசாமல் இங்கேயே இருந்துவிடலாம் என்றுதான் தோன்றும். கதவைப் பூட்டாமலேயே வாடிக்கையாளரை உள்ளே வைத்திருக்கும் வழி இது. நிறுவனங்கள் வேண்டுமென்றே செய்தனவா இல்லையா என்பது வேறு விவாதம், விளைவு அதுதான்.

பாஸ்கீ தரநிலைகளை உருவாக்கிய ஃபிடோ கூட்டமைப்பு இதற்கான வரைவை 2024 அக்டோபரில் வெளியிட்டது. 1பாஸ்வேர்டு, பிட்வார்டன், டாஷ்லேன் போன்ற போட்டியாளர்கள் கூகுள், ஆப்பிள், மைக்ரோசாஃப்டுடன் ஒரே மேசையில் உட்கார்ந்து தயாரித்த வரைவு அது. பாஸ்வேர்டு, பாஸ்கீ எல்லாவற்றுக்கும் ஒரே வடிவம், அனுப்பும்போது பெறும் செயலியால் மட்டுமே திறக்கக்கூடிய மறையாக்கம் என்பதுதான் யோசனை. 2025 செப்டம்பரில் வந்த ஐஓஎஸ் 26-ல் ஆப்பிள் இதன் ஒரு பகுதியைக் கொண்டுவந்தது. ஃபேஸ் ஐடி காட்டினால் ஒரு செயலியில் இருந்து இன்னொன்றுக்கு நேரடியாகப் போய்விடும். நடுவில் ஃபைலே கிடையாது. ஆனால் இரண்டு செயலிகளும் இந்த முறையை ஏற்றிருந்தால்தான் இது நடக்கும்.

மாறிவிட்டால் போதுமா?

லாஸ்ட்பாஸ் விவகாரத்தில் பலர் கோட்டை விட்டது இங்கேதான். 2022 ஆகஸ்டில் தங்கள் மென்பொருள் உருவாக்கும் பகுதிக்குள் ஒருவர் நுழைந்துவிட்டதாக அந்த நிறுவனம் சொன்னது. டிசம்பர் 22-ம் தேதி வந்த அறிவிப்பு வேறு ரகம். வாடிக்கையாளர்களின் பெட்டகங்கள் அடங்கிய பேக்கப்பே நகலெடுக்கப்பட்டிருந்தது. பாஸ்வேர்டுகள் மறையாக்கத்தில் இருந்தன, தள முகவரிகள் அப்படி இல்லை. யாருக்கு எந்த வங்கியில் கணக்கு, யாரிடம் கிரிப்டோ என்பதைத் திருடர்கள் ஊகித்துவிட முடியும்.

உடனே வேறு மேனேஜருக்கு மாறியவர்கள் நிறையப் பேர். ஆனால் நகல் திருடர் கையில் இருக்கிறது. அதில் இருப்பது அன்றைய பாஸ்வேர்டு. மூன்று முறை தப்பாகப் போட்டால் லாக் என்ற தடையெல்லாம் அந்த நகலுக்குக் கிடையாது. ஆற அமர மாஸ்டர் பாஸ்வேர்டை முயன்று பார்க்கலாம். 2024 ஜனவரியில் நடந்த சுமார் 15 கோடி டாலர் கிரிப்டோ திருட்டுக்கு, 2022-ல் ஓர் ஆன்லைன் பாஸ்வேர்டு மேனேஜரில் இருந்து களவாடப்பட்ட தகவல்கள் பயன்பட்டதாகவே அமெரிக்கப் புலனாய்வாளர்கள் 2025 மார்ச்சில் நீதிமன்ற ஆவணத்தில் கூறினர். இடையில் ஓராண்டுக்கும் மேல் ஓடியிருந்தது. கசிவுக்குப் பயந்து மாறுகிறீர்கள் என்றால் இடம் மாறுவது பாதி வேலைதான். மெயில், வங்கி, முதலீட்டுக் கணக்குகளின் பாஸ்வேர்டுகளையும் மாற்ற வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

2011 ஜனவரியில் நாடு முழுக்க மொபைல் நம்பர் போர்ட்டபிலிட்டி வந்தபோது, நம்பரை விடாமலேயே கம்பெனியை மாற்ற முடிந்தது. பாஸ்வேர்டு மேனேஜருக்கு அப்படி ஓர் உரிமை இந்தியாவில் இல்லை. 2019-ல் கொண்டுவரப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்பு மசோதாவில் தரவை எடுத்துச் செல்லும் உரிமை இருந்தது. 2023-ல் நிறைவேறிய சட்டத்தில் அது இல்லை. திருத்தவும் அழிக்கவும் கேட்கலாம், எடுத்துப் போக வசதி செய்து கொடு என்று கேட்க முடியாது. ஐரோப்பாவின் ஜிடிபிஆர் சட்டத்தில் 20-வது பிரிவு அந்த உரிமையைத் தருகிறது. ஆனால் கணினி படிக்கக்கூடிய வடிவில் தர வேண்டும் என்பதே அந்தப் பிரிவின் நிபந்தனை. பூட்டில்லாத சிஎஸ்வியும் கணினி படிக்கக்கூடியதுதான்.

இப்போதே மாற வேண்டியவர்கள் வரிசையை மாற்றாமல் செய்தால் சரி. சொந்த லேப்டாப்பில், கிளவுடோடு இணையாத ஃபோல்டரில் எடுக்க வேண்டும். உடனே புதியதில் ஏற்றி, நாலைந்து முக்கியக் கணக்குகளில் நிஜமாகவே லாகின் செய்து பார்க்க வேண்டும். பிறகு ஃபைலை அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யலாம். பழைய பெட்டகத்தை மட்டும் அவசரப்பட்டு அழிக்க வேண்டாம். ஓடிபியும் பாஸ்கீயும் எல்லாம் புதியதில் வேலை செய்கிறதா என்று ஒரு மாதம் பார்த்துவிட்டு மூடலாம். அதுவரை போன் செட்டிங்ஸில் பழைய செயலியின் ஆட்டோஃபில்லை அணைத்து வைக்கணும். இல்லைன்னா புதுசா போடுற பாஸ்வேர்டும் பழைய வீட்டிலேயே போய் உட்கார்ந்துக்கும்.